கால் மிஸ்ஸி

ஹெல்மெட்டை வாசல் நாற்காலியில் கவிழ்த்துவிட்டு உள்ளே நுழைந்ததும் நவமணி செய்யும் முதல் காரியம், கட்டிலுக்கு அருகே தயாராக இருக்கும் எண்ணெய்க் குப்பியை எடுத்து அலமாரியின் உச்சியில் வைப்பது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் குப்பி இருக்கும். ஒரு வீட்டில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். இன்னொரு வீட்டில் பாலிக் புலாவிலிருந்து ஆள் அனுப்பித் தருவித்த ஜாதிக்காய்த் தைலம். நோயாளி வேட்டியை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சுகமாக மல்லாந்திருப்பார்.

"நான் உருவி விட வர்லங்கய்யா. அதுக்கு வேற ஆளு இருக்கு. நான் வந்தது உங்கள வேல வாங்க. எந்திரிங்க."

கண் திறக்கும். முகம் சுருங்கும். பிசியோதெரப்பி என்ற சொல்லை ஜார்ஜ்டவுனின் முதிய நாக்குகள் ஏற்றுக்கொள்ளவில்லை. வெள்ளை உடுப்பும் கைக்கடிகாரமுமாக வருகிற எந்தப் பெண்ணும் இங்கே மிஸ்ஸிதான். இவர் காலைப் பார்க்க வருவதால் கால் மிஸ்ஸி. வாதம் அடித்துக் கை விளங்காமல் போனவர்களுக்கும் இவர் கால் மிஸ்ஸியே. "நான் மிஸ்ஸி இல்லலா, அம்மா" என்று முதல் நாள் மட்டும் சொல்வார். இரண்டாம் நாள் விட்டுவிடுவார்.

வயது ஐம்பத்தொன்று. ஒல்லி என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் காற்றடித்தால் பறந்துவிடுவாரோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபத்து நான்கு வருடம் வேலை செய்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, நான்கு வருடமாக வீடு வீடாகப் போகிறார். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் வீட்டுக்குப் போனதும் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு; என்னிடம் அடிக்கடி சொல்வார். "ஆஸ்பத்திரி தரை வழவழன்னு இருக்கும் அண்ணே. நம்ம வீட்டுத் தரையிலதான விழுவாங்க? அங்க வந்து சொல்லிக் குடுத்தாதான் சரி."

வாகனம் சிவப்பு நிற ஹோண்டா கப்சாய், எங்கள் ஊர்ச் சின்ன மோட்டார் சைக்கிள். அதன் முன்கூடையில் அவருடைய ஆஸ்பத்திரி முழுவதும் அடங்கியிருக்கும். மணல் நிரப்பி மூடிய கெட்டிப்பால் டின்கள் நான்கு. இவை காலில் கட்டித் தூக்க. சைக்கிள் உள்டியூபைக் கத்தரித்த பட்டைகள். இவை கையால் இழுக்க. துணி காயப்போடும் கயிறும் ஒரு சின்னக் கப்பியும். கதவு நிலையில் மாட்டினால் தோள் தானாக மேலே வரும். ஒரு தையல்காரர் டேப்பு. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்று ஒன்றும் கிடையாது. முதல் முறை அந்தக் கூடையைப் பார்த்த என் மனைவி, பழைய சாமான் வாங்க வந்த ஆள் என்று நினைத்து, ஓட்டை வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நவமணி அந்த வாளியையும் வாங்கிக்கொண்டார். இப்போது அதைக் கவிழ்த்துப் போட்டு யாரோ உட்கார்ந்து எழுந்து பழகுகிறார்கள்.

நோயாளி வீட்டில் தேநீர் கொடுத்தால் குடிக்க மாட்டார். வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய மனக்குறை. காரணம் கேட்டால், "அம்மா கையால கொண்டாந்து குடுத்தா குடிக்கிறேன்" என்பார். அம்மா என்றால் நோயாளி. ஜாலான் பேராக் பக்கம் யோகம்மா என்ற அம்மாள் வாதத்தில் படுத்து எழுந்தவர். அடுப்பங்கரையிலிருந்து முன்னறைக்கு ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவர அவருக்கு ஐந்து வாரம் ஆனது. வந்து சேர்ந்தபோது பாதி தரையில், கால்வாசி சாசரில். மிச்சத்தை நவமணி நின்றபடியே ஒரே மடக்காகக் குடித்து, "சீனி பத்தல" என்றாராம். யோகம்மா இன்னும் அந்தக் கதையை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். வாதம் வந்த கதையை விட்டுவிட்டார்.

இவருடைய நடத்தையில் எல்லாருக்கும் எரிச்சல் தருவது ஒன்று உண்டு. நோயாளி நடக்கும்போது கூடவே அரை அடி பின்னால் நடப்பார். ஆனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பள்ளிக்கூடம் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் தோற்றுப் போவார். நோயாளி ஆடுவார், அசைவார், வீட்டார் 'ஐயோ' என்பார்கள். கை வெளியே வராது.

"கையக் குடுத்தா அவங்க என் கையில நடப்பாங்க. காலுல நடக்க மாட்டாங்க."

இந்தக் கொள்கையை நோயாளிகளோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. ஒருநாள் எங்கள் வீட்டு மைலோ டின் மூடி திறக்கவில்லை. நான் தம் பிடித்து, முகம் சிவந்து, கடைசியில் வாசலில் நின்றவரிடம் நீட்டினேன். "கை இருக்கில்ல அண்ணே?" என்று கேட்டுவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டு, ஒரு கையாலேயே தாடைக்குக் கீழே க்ளிக்கென்று மாட்டி, மறு கையால் கப்சாயை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் முட்டிகளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகை ஆபீசில் முப்பது வருடம் உட்கார்ந்தே பிழை திருத்தியவனுடைய முட்டிகள் அவை. "வாங்க வாங்க, ஒருநா என் நோட்டுக்கு வருவிங்க" என்கிற பார்வை.

நான் இவரை அறிந்துகொண்டது பக்கத்து வீட்டுக் கந்தப்புவின் தயவால்.

ஹட்டன் லேனுக்குப் பின்னால் எங்கள் சந்து. ஏழு கடைவீடுகள் தோளோடு தோள் ஒட்டிய வரிசை. முதல் வீடு கந்தப்புவுடையது, இரண்டாவது என்னுடையது, ஏழாவது முகம்மது சுல்தானின் தேநீர்க்கடை. கந்தப்பு ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தா. பிறை ஸ்டேஷனில் சரக்கு ஆபீஸ். ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலை ஏழு மணிக்கு சுல்தான் பாய் கடையில் இரண்டாவது மேசை அவருக்கு. அங்கே பேப்பரை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்க விரும்புகிறார்களா என்று கேட்டதில்லை. நான் உட்பட நான்கு பேர் பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன பிப்ரவரியில், எழுபத்து நான்காம் வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்து வலது இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஆணி அடித்து அனுப்பினார்கள். ஆணி நன்றாகவே பிடித்தது. பிடிக்காமல் போனது கந்தப்புவின் மனம். கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டு, அதில் சாய்ந்துகொண்டு, எதற்கெடுத்தாலும் ஒரே சொல் சொன்னார்: "ஏலாது." யாழ்ப்பாணத்து அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த சொத்தில் அந்தச் சொல்தான் மிச்சம்.

மனைவி பத்மாவதி அம்மாள் தங்கமானவர். தண்ணீர் வேண்டுமென்று கந்தப்பு நினைப்பதற்குள் செம்பு வந்துவிடும். பல் விளக்க, வாய் கொப்பளிக்க, முகம் துடைக்க எல்லாம் கட்டிலுக்கே. அவருக்குக் கண்ணாடியைத் தேடுகிற வேலைகூட இல்லை. நவமணி முதல் நாள் வந்து அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து இதைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அம்மா, நீங்க எத்தன தடவ எந்திரிச்சிங்க தெரியுமா? பதினேழு தடவ. ஐயா ஒரு தடவகூட எந்திரிக்கல. பயிற்சி உங்களுக்கு நல்லா நடக்குது."

"என்ன மிஸ்ஸி செய்றது? அவரு கேட்டா குடுக்காம இருக்க முடியுமா?"

"அவரு கேக்கவே இல்லியே."

மறுநாளிலிருந்து கந்தப்புவின் சாமான்கள் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கின. கண்ணாடி கட்டில் தலைமாட்டிலிருந்து ஜன்னல் விளிம்புக்குப் போனது. ரேடியோ ஒரு முழம் தள்ளிப் போனது. மறுவாரம் இன்னொரு முழம். பேப்பர் வாசலுக்கே போய்விட்டது. வீட்டில் திருட்டு நடக்கிறது என்று கந்தப்பு மகனுக்கு டெலிபோன் செய்யச் சொன்னார். டெலிபோன் அடுத்த அறையில் இருந்தது. யாரும் அசையாததால் அவரே எழுந்து போய்ப் பேசினார். அதுதான் அவர் முதன்முதலாக நடந்த தூரம்.

அந்த மகன் ஆனந்தராஜா சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். நல்ல பிள்ளை; இதை ஒரு குறையாகத்தான் சொல்கிறேன். தாமான் என்கிற புதிய குடியிருப்பில் மாடியில்லாத வீடு ஒன்று வாங்கியிருந்தார். முழுக்க டைல்ஸ், ஒரு படி கிடையாது. அப்பாவையும் அம்மாவையும் அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கடல்பாலம் தாண்டி சாகா காரில் வந்து சொல்வார். "இன்னொரு தடவ விழுந்தா என்னாகும்ப்பா? அம்மா ஒத்த ஆளா தூக்க முடியுமா?" அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

கந்தப்பு என்னிடம் மட்டும் சொன்னார்: "அங்க போனா காலைல எங்க போறது? ஆரோட பேசுறது? மகன் வேலைக்குப் போயிடுவான், பிள்ளையள் பள்ளிக்குப் போயிடும். நான் அந்த டைல்ஸ எண்ணிக்கொண்டு இருக்கோணும்." இரண்டாவது மேசை காலியாக இருப்பதை நான் அதுவரை யோசித்துப் பார்க்கவில்லை.

பஞ்சாயத்து பேசியது நவமணிதான். ஆனந்தராஜாவை உட்காரவைத்துச் சொன்னார்.

"ஆகஸ்டு முப்பத்தொண்ணு லீவு நாள். அன்னிக்கு வாங்க தம்பி. ஐயா இங்கேருந்து டீக்கடைக்குத் தனியா நடந்து போய் வருவாரு. யாரும் தொடக்கூடாது. நடந்துட்டா இங்க இருக்கட்டும். முடியலன்னா நானே சாமான் கட்டித் தரேன், கூட்டிட்டுப் போங்க."

ஆனந்தராஜா சரி என்றார். கந்தப்பு "ஏலாது" என்றார்.

"அந்த ஏலாதுவ கட்டில்லயே வச்சிட்டு வாங்க ஐயா. நீங்க மட்டும் வாங்க."

ஏழு வீடு தூரம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு எங்கள் அஞ்சடி தெரியாது. கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடி அகல நடைபாதைக்கு அந்தப் பெயர். நடைபாதை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் இஷ்டத்துக்குத் தரை போட்டிருப்பார். என் வீட்டுக்கு இரண்டு அங்குலம் ஏற வேண்டும். அடுத்த சைக்கிள் பட்டறைக்கு ஐந்து அங்குலம் இறங்க வேண்டும். நல்ல காலுள்ளவர்களே பராக்குப் பார்த்தால் பல்லை இழப்பார்கள். நகராண்மைக் கழகம்கூட இதை அளந்து பார்த்ததில்லை. நவமணி அளந்தார். டேப்பும் கையுமாக ஒவ்வொரு வாசலிலும் குந்தி, ஆறு படிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஜார்ஜ்டவுனில் அவர் போகிற எல்லாத் தெருவுக்கும் இப்படி ஒரு பக்கம் அந்த நோட்டில் உண்டு. எந்த நோயாளியை எந்தத் தெருவில் நடக்க விடுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார். "உங்க சந்து அஞ்சாங் கிளாஸ் அண்ணே. ஆர்மேனியன் தெருல ஒரு எடம் இருக்கு, அது யூனிவர்சிட்டி."

கந்தப்புவுக்கு அங்குலக் கணக்கு மனதில் நிற்கவில்லை. நான்காம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஏழு வீட்டுக்கும் தன் பழைய ரயில் பாதையின் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக வைத்தார். தன் வீடு பிறை. என் வீடு புக்கிட் மெர்தாஜாம். சைக்கிள் பட்டறை, மகன் ஊரான சிம்பாங் அம்பாட். அப்புறம் நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய். சுல்தான் பாய் கடை தைப்பிங். தைப்பிங் வாசல் ஏழு அங்குலம் ஏற்றம். வரிசையிலேயே உயரம் அதுதான்.

"ஏறும்போது நல்ல கால் முன்னால. எறங்கும்போது ஆணி வச்ச கால் முன்னால. சொல்லுங்க."

"ஏத்தத்துக்குப் புது இஞ்சின். இறக்கத்துக்குப் பழைய இஞ்சின்."

"அது போதும். கீழ பாக்காதிங்க. கால் எங்கயும் ஓடிடாது. தூரமா பாத்து நடங்க."

அப்படிப் பழகினார்கள். இடக்கையில் தடி, வலப்பக்கம் தூண்கள், பின்னால் கைகட்டிய நவமணி. ஜூனில் புக்கிட் மெர்தாஜாம் வரை. ஜூலையில் பாரிட் புந்தார். சைக்கிள் பட்டறை வாசலில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. அதில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து போகச் சொன்னார் நவமணி. கந்தப்பு மறுத்துவிட்டார்.

"எக்ஸ்பிரஸ் சிம்பாங் அம்பாட்ல நிக்காது."

மூச்சு இரைத்தாலும், நெற்றி வியர்த்தாலும், அந்தப் பெஞ்சைப் பார்க்காமலே தாண்டிப் போவார். நவமணி வற்புறுத்தவில்லை. நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார்.

ஆகஸ்டு நடுவில் தைப்பிங் பிடிபட்டது. ஏழு அங்குலத்தை இடது கால் தூக்கித் தேடிக் கண்டுபிடித்து ஏறியது. பத்து நாளில் அந்தக் கால் யோசிக்காமலே ஏறப் பழகியது. இருபத்தொன்பதாம் தேதி நவமணி, "நாளைக்கு ஓய்வு. நடக்க வேணாம். நாளான்னிக்கு ஏழு மணிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி நான் எழுதப் போவதைச் சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

முப்பதாம் தேதி காலை தேநீர்க்கடையில் பேச்சு வந்தது. எழுபத்து நாலு வயது மனிதர், இடுப்பில் ஆணி, ஏழு அங்குலம் ஏற வேண்டும். நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோமே என்று எல்லாருக்கும் நெஞ்சு இளகியது. வாசலில் சிமெண்டு பூசிச் சரிவாக்கிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி போய்விடுவாரே என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்தான் என்று சுல்தான் பாய் சொல்கிறார். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. ஆனால் பத்து மணிக்குக் கொத்தனாரை அழைத்து வந்தவன் நான். அதை மறுக்க முடியாது. மத்தியானத்துக்குள் ஏழு அங்குலப் படி இருந்த இடத்தில் அழகான சாய்வு. காயட்டும் என்று மேலே அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டோம். "நவமணி தங்கச்சிகிட்ட சொல்லாதிங்க. நாளைக்கு வந்து பாத்து சந்தோசப்படட்டும்" என்றார் சுல்தான் பாய். நாங்கள் எல்லாரும் அன்று நன்றாகத் தூங்கினோம்.

மறுநாள் காலை சந்து முழுவதும் சுதந்திர தினத்துக்குக் கட்டிய கொடிகள். சாகா கார் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டது. ஆனந்தராஜா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். பத்மாவதி அம்மாள் திருநீறு பூசிவிட எழுந்து வந்தார். நவமணி பார்த்த பார்வையில் திருநீற்றுத் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். கந்தப்புவே நடந்து போய் எடுத்துப் பூசிக்கொண்டார்.

கிளம்பினார். முதலில் கந்தப்பு, அரை அடி பின்னால் நவமணி, அப்புறம் நான், பக்கவாட்டில் தெருவில் இறங்கி ஆனந்தராஜாவும் அம்மாவும். புக்கிட் மெர்தாஜாம் ஏறினார். சிம்பாங் அம்பாட்டில் இறங்கினார், பெஞ்சைத் தாண்டினார், மகன் பக்கம் திரும்பவே இல்லை. நிபோங் திபால். பாரிட் புந்தார். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று பார்த்தார்கள். பாகான் செராய். சுல்தான் பாய் அட்டைகளை அப்போதுதான் எடுத்திருந்தார். தன் சாய்வுக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டில் வரவேற்க நிற்பவர்போல நின்றார். புது சிமெண்டும் பழைய தரையும் ஒரே சாம்பல் நிறம். கந்தப்பு சொன்னபடி தூரமாகப் பார்த்து நடந்தார். பத்து நாள் பழகிய இடது கால், தைப்பிங் வந்ததும் தானே ஏழு அங்குலம் உயர்ந்தது.

அங்கே ஏழு அங்குலம் இல்லை.

கால் காற்றில் படியைத் தேடியது. பிறகு நினைத்ததற்குக் கீழே, சாய்வில் தொப்பென்று இறங்கியது. உடம்பு முன்னால் போனது, தடி வழுக்கியது, பாரம் முழுவதும் ஆணி வைத்த காலுக்கு வந்தது. பத்மாவதி அம்மாள் "முருகா" என்றார். ஆனந்தராஜா தெருவிலிருந்து பாய்ந்தார்.

"தொடாதிங்க!"

நவமணியின் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனந்தராஜா நின்றுவிட்டார். எல்லாரும் கந்தப்புவைப் பார்த்தார்கள். நான் நவமணிக்கு நேர் பின்னால் நின்றதால் அவர் முதுகைத்தான் பார்த்தேன். அங்கே இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றா சொன்னேன்? சாலையில் ஓடப் பார்க்கிற குழந்தையைப் பிடிப்பதுபோல நகம் புதையப் பிடித்திருந்தது. வலது கையின் விரல்கள் விரிந்து விரிந்து மூடின. இத்தனை மாதம் அந்தக் கைகட்டலைத் திமிர் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கந்தப்புவின் வலது கை வெளியே நீண்டு தூணைத் தொட்டது. தொட்டது, நழுவியது, பிடித்தது. தடி தரையைத் தேடி ஊன்றியது. அரை நிமிடம் அப்படியே நின்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு. பிறகு மெல்லக் குனிந்து, முதன்முறையாகக் கீழே பார்த்தார்.

"பிள்ளை, தைப்பிங்க ஆர் மாத்தினது?"

நவமணியைத்தான் கேட்டார். சுல்தான் பாய் என்னைப் பார்த்தார். நான் கொடியைப் பார்த்தேன். கந்தப்பு சாய்வைத் தடியால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, புது இஞ்சினை முன்னால் வைத்து, சிறு சிறு அடியாக ஏறி, இரண்டாவது மேசையில் போய் உட்கார்ந்தார். பேப்பரை விரித்தார். தலைப்பு மட்டும் படித்தார். நாங்கள் அவ்வளவு கவனமாக எந்தத் தலைப்பையும் கேட்டதில்லை.

ஆனந்தராஜா நவமணியிடம் வந்தார்.

"விழுந்திருந்தா என்ன பண்ணிருப்பிங்க மிஸ்ஸி?"

"விழலயே தம்பி."

"பிடிச்சிருக்கலாம்ல?"

"பிடிச்சாரே. அவரே பிடிச்சாரு." நவமணியின் குரல் பழையபடி சின்னதாகிவிட்டது. "ஏழு இஞ்சு ஏறுறது நான் சொல்லிக் குடுத்தது. இது நான் சொல்லிக் குடுக்கல. தெரியாத எடத்துல தடுக்குனா என்னாகும்னுதான உங்களுக்கு பயம்? பாத்துட்டிங்க இப்ப."

ஆனந்தராஜா உள்ளே போய் அப்பாவின் எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு தேநீர் சொன்னார்.

திரும்பும்போது கந்தப்பு முன்னால் நடந்தார். நவமணி கடைவாசலிலேயே நின்றுகொண்டார். அரை அடி பின்னால் போனது ஆனந்தராஜா. இரண்டு முறை அவர் கை தானாக நீண்டது. இரண்டு முறையும் இழுத்துக்கொண்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சைக்கிள் பட்டறை வந்ததும் கந்தப்பு நின்றார். மரப்பெஞ்சைத் தடியால் காட்டினார்.

"இண்டைக்கு மட்டும் ரெண்டு நிமிசம் நிக்கும். இரு."

அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சாகா அன்று மத்தியானம் வந்தபடியே காலியாகத் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பார்க்கத்தான் வருகிறேன் என்று ஆனந்தராஜா அம்மாவிடம் சொன்னதாகத் தெரிகிறது.

எங்களுக்குத் தீர்ப்பு சுடச்சுடக் கிடைத்தது. நவமணி சுல்தான் பாயையும் என்னையும் அந்தச் சாய்வின் மேலேயே நிற்க வைத்தார்.

"யாரு யோசன இது?"

"அவருதான்" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

"நல்ல மனசு அண்ணே ரெண்டு பேருக்கும். ஆனா வியாழக்கிழம நான் வரும்போது இங்க ஏழு இஞ்சு இருக்கணும். ஆறே முக்கா இருந்தாலும் ஒத்துக்க மாட்டேன். டேப்பு வச்சு பாப்பேன்."

"ஒடச்சிடறேன் தங்கச்சி, இன்னிக்கே ஒடச்சிடறேன்" என்றார் சுல்தான் பாய். ஒரு தேநீர் நீட்டினார். கந்தப்பு கொண்டுவந்து தரவில்லை. ஆனாலும் நவமணி வாங்கிக் குடித்தார். சீனி பற்றி எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கப்சாய் நிறுத்தியிருந்த இடத்துக்கு வேகமாக நடந்தார். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று நானும் பின்னால் போனேன். கூடையைச் சரி செய்தார். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டார். தாடைக்குக் கீழே கை போனது. க்ளிக் சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் முயன்றார்; கொக்கி விலகி விலகிப் போனது. மூன்றாவது முறையும் முயன்றார். வலது மணிக்கட்டில் பிறை பிறையாக நான்கு நகக்குறிகள், ஒன்றில் லேசாக ரத்தம்.

'கை இருக்கில்ல?' என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. மைலோ டின்னை நான் மறக்கவில்லை.

நவமணி என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் கீழே தொங்கவிட்டார். "அண்ணே" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தாடையை எனக்கு முன்னால் உயர்த்திக் காட்டினார்.